தட்டுக்கு முன்னால் மளிகைப் பட்டியல்

2024 மே மாதம் 8-ஆம் தேதி, ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டி நூலின் திருத்திய பதிப்பை வெளியிட்டது. 1998-இல் முதல் பதிப்பும் 2011-இல் அடுத்ததும் வந்தன. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து வந்த இந்தப் பதிப்பில் 17 நெறிகள் உள்ளன. நாட்டின் மொத்த நோய்ச்சுமையில் 56.4 சதவீதம் தவறான உணவுப் பழக்கத்தோடு தொடர்புள்ளது என்ற மதிப்பீட்டையும் அது முன்வைத்தது. செய்தித்தாள்கள் அதிலிருந்து எடுத்துப் போட்டவை மூன்று நான்குதான்: சாப்பிட்ட கையோடு காபி குடிக்காதீர்கள், புரதப் பொடி வேண்டாம், மண்சட்டியில் சமைப்பது நல்லது. எல்லாம் நூலில் இருப்பவைதான். ஆனால் ஒரு குடும்பத்துக்கு மிக அதிகம் பயன்படக்கூடிய பகுதி இவற்றில் எதுவுமில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு எந்தெந்த உணவை எத்தனை கிராம் சாப்பிடலாம் என்று காட்டும் 'ஒரு நாளுக்கான தட்டு' என்ற ஒற்றைப் படம்தான் அது.

அந்தத் தட்டில் உள்ளவை: தானியமும் சிறுதானியமும் 250 கிராம். பருப்பு, பயறு, முட்டை, இறைச்சி வகை 85 கிராம். கீரை உட்பட காய்கறி 400 கிராம். பழம் 100 கிராம். பால் அல்லது தயிர் 300 மில்லி. கொட்டைகளும் எண்ணெய் வித்துகளும் 35 கிராம். எண்ணெய், நெய் 27 கிராம். கூட்டினால் ஏறக்குறைய 1,200 கிராம் உணவு, 2,000 கலோரி.

இந்த எடைகள் சமைப்பதற்கு முந்தியவை. இதைக் கவனிக்காமல் படிப்பவர்கள் இரண்டு வகையில் தடுமாறுகிறார்கள். 250 கிராம் என்றால் ஒரு கரண்டிச் சோறுதானே என்று மலைத்துத் தட்டையே ஒதுக்கிவிடுபவர்கள் ஒரு வகை. காய்கறி 400 கிராம் என்பதைப் பொரியலாக வதக்கிச் சுருங்கிய பின் வரும் எடை என்று எண்ணிப் பயந்துவிடுபவர்கள் இன்னொரு வகை. 250 கிராம் அரிசியைப் பொங்கவைத்தால் சுமார் 700 கிராம் சோறு கிடைக்கும். 200 மில்லி டம்ளரில் அளந்தால் ஒன்றரை டம்ளர் அரிசி. பட்டினி போடும் அளவல்ல இது. ஆனால் அந்த ஒன்றரை டம்ளருக்குள் காலை இட்லியும், மதியச் சோறும், இரவுச் சப்பாத்தியும், இடையில் கொறிக்கும் முறுக்கும் பிஸ்கட்டும் ரவா உப்புமாவும் அடங்கியாக வேண்டும். நம் வீடுகளில் கணக்கு தவறுவது இங்கேதான். மதியச் சோற்றைக் குறைத்துவிட்டேன் என்று சொல்பவர் இரவு நான்கு தோசை சாப்பிடுகிறார். தோசை அரிசிக் கணக்கில் சேருவதாக அவருக்குத் தோன்றுவதே இல்லை.

தட்டின் உள்கணக்கைப் போட்டுப் பார்த்தால் அதன் நோக்கம் தெரியும். 250 கிராம் தானியம் தருவது சுமார் 890 கலோரி. மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்புக்குச் சற்றுக் கீழே. பருப்பு வகை 280 கலோரியை ஒட்டி, அதாவது 14 சதவீதம். எண்ணெய் 243. பால் 200-க்குச் சற்று மேல். கொட்டைகள் 190. மீதி காயும் பழமும். இதோடு இப்போது நாம் சாப்பிடுவதை ஒப்பிட வேண்டும். இதே நிறுவனம் 2020-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, கிராமப்புற இந்தியாவில் மொத்த ஆற்றலில் 65 சதவீதமும் நகர்ப்புறத்தில் 51 சதவீதமும் தானியத்திலிருந்து வருகின்றன. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளியானது. இந்தியர் பெறும் ஆற்றலில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றும், புரதத்தின் பங்கு 12 சதவீதம்தான் என்றும் அது காட்டியது.

அந்த ஆய்வின் இன்னொரு முடிவை ஒவ்வொரு வீட்டுக்கும் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை. வெள்ளை அரிசிக்குப் பதில் முழுக்கோதுமையோ சிறுதானியமோ சாப்பிட்டு, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் விட்டால் நீரிழிவு அபாயம் குறைவதாகத் தெரியவில்லை. மொத்த ஆற்றலில் வெறும் ஐந்து சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு அல்லது பால் புரதத்துக்கு மாற்றினால் அபாயம் குறைகிறது. 'ராத்திரி சப்பாத்திக்கு மாறிட்டேன்' என்று நிம்மதியாக இருக்கும் பல்லாயிரம் பேரின் நம்பிக்கையை இந்த முடிவு நேராகத் தொடுகிறது. எந்தத் தானியம் என்று ஆண்டுக்கணக்கில் விவாதித்துவிட்டோம். எவ்வளவு தானியம், அதோடு வேறு என்ன என்ற கேள்விக்கு இன்னும் வந்து சேரவில்லை.

தட்டைத் தட்டாகவே வைத்துக்கொண்டு பின்பற்ற முயன்றால் பெரும்பாலானோர் நான்காம் நாள் விட்டுவிடுவார்கள். ஒவ்வொரு வேளையும் தராசு பிடிக்க யாருக்கும் நேரமில்லை. நான்கு பேருக்குச் சேர்த்துச் சமைக்கும் வீட்டில் ஒருவரின் கிராமைப் பிரித்தெடுக்கவும் முடியாது. ஆனால் ஒரு வீட்டுக்குள் என்ன வருகிறதோ அதுதான் அந்த வீட்டாரின் உடம்புக்குள் போகிறது. ஆகவே தட்டை 30 நாளால் பெருக்கி மளிகைப் பட்டியலாக மாற்றிவிடுவதே இந்த வழிகாட்டியைப் பயன்படுத்த எளிய வழி என்று நினைக்கிறேன். கணக்கு மாதத்துக்கு ஒரு முறைதான். அதற்குப் பிறகு சமையலறை வழக்கம்போல நடக்கலாம்.

நான்கு பேர் கொண்ட ஒரு வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். தானியம் மாதம் 30 கிலோ: அரிசி, இட்லி அரிசி, கோதுமை மாவு, ரவை, சேமியா, அவல், கேழ்வரகு, கம்பு எல்லாம் சேர்த்து. பருப்பும் பயறும் 10 கிலோ. வேர்க்கடலை, எள், தேங்காய் வகையறா 4 கிலோ. எண்ணெயும் நெய்யும் சேர்த்து மூன்றே கால் கிலோ, அதாவது மூன்றரை லிட்டர். பால் 36 லிட்டர். தினமும் ஒரு லிட்டரும் அதற்கு மேல் கொஞ்சமும். காய்கறி, கீரை 48 கிலோ. நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல். பழம் 12 கிலோ. உப்பு ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதால் நால்வருக்கும் மாதம் 600 கிராம். சேர்க்கும் சர்க்கரை, வெல்லம் உட்பட, 25 கிராமுக்குள் என்று வைத்தால் மூன்று கிலோ. இது தொடவேண்டிய இலக்கல்ல, தாண்டக்கூடாத உச்சவரம்பு.

இந்தப் பட்டியலைப் போன மாத மளிகை ரசீதின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எங்கே மாற்ற வேண்டும் என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எண்ணெய் ஐந்து லிட்டரும் துவரம்பருப்பு இரண்டு கிலோவும் இருக்கும் ரசீது, எந்த உணவியல் நிபுணரும் கேட்காமலே அந்த வீட்டின் கதையைச் சொல்லிவிடும்.

ஒரு திருத்தம் அவசியம். 2,000 கலோரி என்பது எல்லாருக்குமான அளவல்ல. 2020-இல் இதே நிறுவனம் வெளியிட்ட ஊட்டச்சத்துப் பரிந்துரைகள் உட்கார்ந்தே வேலை செய்யும் பெண்ணுக்கு 1,660 கலோரி, அதே வகை ஆணுக்கு 2,110, கடும் உடலுழைப்புள்ள ஆணுக்கு 3,470 என்று வைக்கின்றன. 16 முதல் 18 வயதுப் பையனுக்கு 3,300-ஐத் தாண்டுகிறது. அலுவலகத்தில் கணினி முன் அமர்ந்திருக்கும் அப்பாவைவிடப் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகனுக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உணவு வேண்டும். நம் வீடுகளில் பரிமாறப்படும் வரிசையும் அளவும் இதற்கு ஏற்றபடியா இருக்கின்றன? கூட்டிக் குறைக்கும்போது தானியத்தையும் எண்ணெயையும்தான் முதலில் தொடவேண்டும். காய்கறியும் பாலும் பருப்பும் ஏறக்குறைய அப்படியே இருக்கலாம்.

பட்டியலில் பெரும்பாலான வீடுகளைத் திடுக்கிட வைப்பது பருப்பின் 10 கிலோதான். நான்கு பேருக்கு ஒரு வேளைச் சாம்பாருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போடுவது வழக்கம். தலைக்கு 25 கிராம். அதை மட்டும் நம்பினால் 85-இல் மூன்றில் ஒரு பங்குகூட வராது. ரசத்தோடு நிற்கும் நாட்களில் அதுவும் இல்லை.

85 என்ற எண் எப்படி வந்தது என்பதில் ஒரு தர்க்கம் உண்டு. 250-க்கு 85 என்பது மூன்றுக்கு ஒன்று. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெதியோனின் தானியத்தில் இருக்கிறது. மூன்று பங்கு தானியத்தோடு ஒரு பங்கு பருப்பு சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டி, கிடைக்கும் புரதத்தின் தரம் உயர்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு, கிலோவுக்கு 0.83 கிராம் வீதம், நாளைக்கு 50 கிராம் புரதம் போதும். இந்தத் தட்டு அதைச் சிரமமில்லாமல் தந்துவிடுகிறது. புரதப் பொடி வேண்டாம் என்று நூல் சொல்வது இந்தக் கணக்கின் துணையோடுதான்.

நம் பலகாரங்களை இந்த விகிதத்தில் வைத்து நிறுத்துப் பார்ப்பது சுவாரசியமான வேலை. இட்லிக்கு நாலுக்கு ஒன்று. தட்டு கேட்பதைவிடப் பருப்பு சற்றுக் குறைவு, ஒரு கரண்டி சாம்பார் அதைச் சரிசெய்துவிடுகிறது. வெண்பொங்கலில் பாசிப்பருப்பைத் தாராளமாகப் போடும் வீடுகள் மூன்றுக்கு ஒன்றை எளிதாக எட்டிவிடுகின்றன. அடையில் அரிசிக்குச் சமமாகவே பருப்புகளைப் போடுகிறவர்கள் உண்டு. அந்த ஒரு வேளையில் நாள் முழுவதுக்குமான பருப்பில் பாதிக்கு மேல் வந்துவிடும். பெசரட்டு என்று ஆந்திராவில் சொல்லும் பச்சைப்பயறு தோசை இன்னும் ஒருபடி மேல். மறுபக்கம் எலுமிச்சைச் சோறு, புளியோதரை, ரவா உப்புமா, சேமியா, பரோட்டா. இவை ஏறக்குறைய முழுக்கத் தானியமும் எண்ணெயும். வாரத்தின் ஏழு இரவுகளில் இரண்டை அடைக்கும் பயறு தோசைக்கும் ஒதுக்கி, மாலைக் காபியோடு முறுக்குக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல் என்று வைத்தால் பருப்பின் 10 கிலோ தானாகவே செலவாகிவிடும்.

ஒரு நாளை முழுதாகப் பார்க்கலாம். காலையில் நான்கு இட்லி: அதில் அரிசி 50 கிராம், உளுந்து 13 கிராம் அளவில். சாம்பாரில் பருப்பு 20 கிராம். சட்னியில் வேர்க்கடலை 20 கிராம். மதியம் 100 கிராம் அரிசியின் சோறு, 25 கிராம் பருப்பில் ஒரு குழம்பு, 100 கிராம் கீரை மசியல், 125 கிராம் காய்ப் பொரியல், மோர். மாலையில் 30 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கொய்யாப்பழம். இரவு 90 கிராம் கம்பு மாவில் தோசை அல்லது மூன்று சப்பாத்தி, காய்கறி நிறையப் போட்ட குருமா. காபியிலும் மோரிலும் தயிரிலுமாகப் பால் 300 மில்லி. கூட்டினால் தானியம் 240, பருப்பு 88, காய் 400-ஐ ஒட்டி. அசைவம் சாப்பிடுவோர் பருப்பின் ஒரு பகுதிக்குப் பதில் முட்டையோ மத்தியோ நெத்திலியோ கோழியோ வைத்துக்கொள்ளலாம். இதில் நம் பாட்டிமாருக்குத் தெரியாத பண்டம் ஒன்றுகூட இல்லை. அளவுகள்தான் இடம் மாறியிருக்கின்றன.

இந்த எண்களின் பின்னால் ஒரு நூற்றாண்டு உழைப்பு இருக்கிறது. அதன் முதல் நாற்பது ஆண்டுகள் நடந்தது நீலகிரியில். 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் 'பெரிபெரி' நோய் பற்றிய விசாரணையைத் தொடங்கினார். கால் மரத்து, நரம்பு தளர்ந்து, இதயம் வீங்கிச் சாகடிக்கும் நோய் அது. 1928-இல் அந்த விசாரணை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1950-களின் இறுதியில் ஐதராபாத்துக்கு இடம் பெயர்ந்தது. 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது.

குன்னூரில் மெக்காரிசன் செய்த எலிச் சோதனை புகழ்பெற்றது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை அப்படியே சமைத்து வெவ்வேறு எலிக்கூட்டங்களுக்குக் கொடுத்தார். முழுக்கோதுமைச் சப்பாத்தி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி கொண்ட சீக்கியர் உணவைத் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. வங்காள உணவும் சென்னை மாகாண உணவும் கடைசியில் நின்றன. தீட்டிய அரிசி மிகுதி. பால், பருப்பு, கீரை அரிது. இதைப் படிக்கும்போது தமிழருக்கு மனம் சுருங்கலாம். ஆனால் ஏறக்குறைய நூறு ஆண்டுக்கு முன் குன்னூரில் கண்டறியப்பட்ட குறையும் இன்றைய தட்டு திருத்த முயலும் குறையும் ஒன்றேதான் என்பதை மறுக்க முடியாது.

அவருக்குப் பின் 1935-இல் பொறுப்பேற்ற வாலஸ் அய்க்ராய்டு இன்னொரு புதிரை எடுத்துக்கொண்டார். அரிசியே பிரதான உணவாக உள்ள சென்னை மாகாணத்தில், பெரிபெரி ஏன் ஆந்திரக் கடலோரத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில் மட்டும் மண்டிக் கிடக்கிறது? தமிழ் மாவட்டங்களில் ஏன் இல்லை? விடை நெல்லை அவிப்பதில் இருந்தது. வடசர்க்காரில் ஆலையில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டார்கள், தெற்கே புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 வைட்டமின் அரிசி மணிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுதும் போவதில்லை. கழுவும் நீரிலும் அவ்வளவாகக் கரைவதில்லை. நெல் அவிக்கும் கொப்பரைகளின் முன் நின்ற பெண்கள் தலைமுறை தலைமுறையாக ஒரு கொடிய நோயைத் தள்ளி நிறுத்தியிருந்தார்கள். அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவாதீர்கள், கஞ்சியை வடித்துக் கொட்டாதீர்கள் என்ற இன்றைய அறிவுரையின் பின்புலம் இதுவே.

1937-இல் அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து அட்டவணையையும், நிறைவான உணவைத் திட்டமிடும் முறையையும் ஒரே சிறு வெளியீட்டில் சேர்த்துத் தந்தார். அட்டவணையும் திட்டமும் பிரிக்க முடியாதவை என்ற புரிதல் அதில் இருந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் தன் சக ஆய்வாளர்களுடன் 1971-இல் அதை விரிவான நூலாக்கினார். 2017-இல் நாட்டின் ஆறு மண்டலங்களிலிருந்து மாதிரிகள் திரட்டி, 528 உணவுகளைப் பகுப்பாய்வு செய்து, முழுதும் புதிதான அட்டவணை வந்தது. தட்டின் கிராம்கள் இந்த அட்டவணையின் மேல்தான் நிற்கின்றன.

அட்டவணையைக் கையில் எடுத்தால் தட்டு சொல்லாத சிலவற்றையும் நாமே கணக்கிடலாம். சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்வோம். பெரியவருக்கு நாளைக்கு 1,000 மி.கி. பரிந்துரை. 100 கிராம் பச்சரிசியில் 7 மி.கி.தான் உண்டு, 100 கிராம் கேழ்வரகில் 364. பால் 300 மில்லி தருவது 350-ஐ ஒட்டி. முளைக்கீரையோ முருங்கைக்கீரையோ 100 கிராமில் 300-க்கு மேல். ஆக ஒரு வேளை கேழ்வரகும், தட்டு சொல்லும் பாலும், ஒரு கட்டுக் கீரையும் சேர்ந்தால் ஆயிரம் நிறைகிறது. கீரையிலுள்ள ஆக்சலேட் அதில் ஒரு பங்கை உடம்பு எடுத்துக்கொள்ள விடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படியும் மூன்று நேரமும் அரிசி என்று இருக்கும் வீட்டோடு ஒப்பிட இடமில்லை.

இரும்புச் சத்துக் கணக்கு இவ்வளவு இனிமையாக முடிவதில்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதே ஆய்வில் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையுள்ளவர்கள். கலோரி மிகுந்து சத்து குறைந்த உணவின் இரண்டு முகங்கள் இவை. பல வீடுகளில் ஒரே பெண்ணிடம் இரண்டும் இருக்கின்றன. பெண்ணுக்கு நாளைக்கு 29 மி.கி. இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. 400 கிராம் அரிசி, கொஞ்சம் பருப்பு, கைப்பிடிக் காய் என்று சாப்பிடுபவருக்கு 5 மி.கி.யை ஒட்டியே கிடைக்கும். அரிசியை 150 கிராமாகக் குறைத்து, 100 கிராம் கம்பு, 85 கிராம் பருப்பு, 100 கிராம் கீரை, மற்ற காய், வேர்க்கடலை என்று தட்டின்படி போனால் 18, 19 வரை வரும். மூன்று மடங்குக்கு மேல் உயர்வு. ஆனாலும் 29 இல்லை.

இங்கே பலரும் மனம் தளர்கிறார்கள், தளரத் தேவையில்லை. 2020 பரிந்துரைகள் இரண்டு அளவுகளைத் தருகின்றன. ஒன்று சராசரித் தேவை. மக்களில் பாதிப் பேருக்குப் போதுமானது. பெண்ணுக்கு இரும்பில் அது 15 மி.கி. மற்றொன்று பரிந்துரை அளவு. நூற்றுக்கு 97 பேருக்கும் மேல் போதுமாறு பாதுகாப்பாக உயர்த்தி வைத்தது. பரிந்துரை அளவை எட்டாததாலேயே ஒருவருக்குக் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ரத்தசோகை ஏற்கெனவே உள்ளவருக்கும் கருவுற்றவருக்கும் உணவு மட்டும் போதாது. ரத்தப் பரிசோதனையும் மருத்துவர் தரும் மாத்திரையும் வேண்டும். முருங்கைக்கீரையே போதும் என்று மாத்திரையைத் தூக்கியெறியச் சொல்லும் காணொளிகள் தாய்மார்களுக்குத் தீங்கு செய்கின்றன.

கிடைக்கும் இரும்பையாவது உடம்பு எடுத்துக்கொள்ள விடவேண்டும். காபி, தேநீரிலுள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்க்கச் சொல்வது அதனால்தான். காலை டிபனோடு ஃபில்டர் காபி என்ற நம் வழக்கத்துக்கு இது சங்கடமானதுதான். விழித்ததும் ஒரு காபி, பதினொரு மணிக்கு ஒன்று என்று நகர்த்திவிட்டால் போதும். 150 மில்லி வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி. காஃபீன் இருப்பதால், நாளுக்கு 300 என்ற வரம்பு மூன்றாவது டம்ளரிலேயே வந்துவிடும் என்பதையும் நினைவில் வைக்கலாம். எலுமிச்சை, நெல்லி, கொய்யா இவற்றின் வைட்டமின் சி இதற்கு நேர்மாறாக இரும்பை உள்ளே கொண்டு சேர்க்கும். கீரை மசியலில் கடைசியாகப் பிழியும் அரை மூடி எலுமிச்சை செலவில்லாத வைத்தியம்.

உப்பு, எண்ணெய், பொட்டல உணவு பற்றி நூல் சொல்வது பெரும்பாலும் தெரிந்ததே. லேபிள் படிப்பது மட்டும் இன்னும் பழக்கமாகவில்லை. பொருட்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதற்கு என்ற வரிசையில் அச்சிடப்படுகின்றன. முதல் மூன்றில் சர்க்கரையோ பாமாயிலோ மைதாவோ இருந்தால் முன்பக்கத்தில் ராகி, ஓட்ஸ், தேன் என்று என்ன படம் போட்டிருந்தாலும் அது அந்த மூன்றின் பொட்டலம்தான். பழம் என்று பெரிய எழுத்தில் சொல்லும் பானத்தில் பழம் பத்து சதவீதமே இருக்கலாம் என்று நூலே எச்சரிக்கிறது. 2014-இல் வந்த பிரேசில் நாட்டு வழிகாட்டி கிராம் கணக்கைவிட, வீட்டில் சமைப்பதையும் கூடி உண்பதையும் விளம்பரங்களைச் சந்தேகிப்பதையுமே அதிகம் வலியுறுத்தியது. நம் நூலிலும் அந்தக் குரல் இன்னும் உரக்க ஒலித்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நீரிழிவு, சிறுநீரக நோய், இதய நோய் உள்ளவர்கள் இந்தத் தட்டை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. குறிப்பாகச் சிறுநீரகம் பழுதானவருக்குப் பருப்பும் கீரையும் பழமுமே ஆபத்தாகலாம். இது ஆரோக்கியமானவர் ஆரோக்கியமாக இருப்பதற்கான திட்டம்.

கடைசியாகக் காசு. பட்டியலில் விலை கூடியவை காயும் பழமும் பாலும் பருப்பும்; மலிவானது தானியம். தட்டு குறைக்கச் சொல்வதோ மலிவானதை, கூட்டச் சொல்வதோ விலை கூடியதை. 2011-ஆம் ஆண்டின் விலையையும் கூலியையும் வைத்து நடந்த ஓர் ஆய்வு, பரிந்துரைக்கப்பட்ட உணவை வாங்கும் சக்தி கிராமப்புற ஏழைகளில் 63 முதல் 76 சதவீதம் பேருக்கு இல்லை என்று கண்டது. தெரியாமையால் தவறாகச் சாப்பிடுகிறார்கள் என்று ஏழைகளைப் பற்றிப் பேசுவது எவ்வளவு அநியாயம் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டு ரேஷன் கடையையும் இதே தராசில் வைத்துப் பார்க்கலாம். அரிசி அட்டைக்கு மாதம் 20 கிலோ வரை விலையில்லா அரிசி. 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு. 25 ரூபாய்க்கு ஒரு லிட்டர் பாமாயில். நான்கு பேர் கொண்ட வீட்டுக்கு இதைப் பிரித்தால் தலைக்கு ஒரு நாளைக்கு அரிசி 167 கிராம், பருப்பு 8 கிராம், எண்ணெய் ஏழரை கிராம். தட்டு கேட்கும் தானியத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்துவிடுகிறது. பருப்பில் பத்தில் ஒரு பங்கு. பசியை ஒழிப்பதில் இந்த ஏற்பாடு செய்த காரியம் மகத்தானது. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் அரசின் ஒரு கை எழுதிய தட்டுக்கும் இன்னொரு கை நிரப்பும் பைக்கும் இடையே 77 கிராம் பருப்பு குறைகிறது. 2023-இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். சரியான திசை அது. மற்ற மாவட்டங்களுக்கும் வரவேண்டும், கூடவே பருப்பும்.

அதுவரை கையிலுள்ள காசுக்குள் தட்டை நெருங்க வழி தேடுவோருக்கு விலைப்பட்டியலே வழி காட்டும். துவரம்பருப்பு ஏறும் மாதத்தில் கொள்ளு, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, மொச்சை. கொள்ளில் இரும்பு துவரம்பருப்பைவிட இரு மடங்கு. பாதாமுக்குப் பதில் வேர்க்கடலையும் எள்ளும். ஆப்பிளுக்குப் பதில் கொய்யாவும் பப்பாளியும். வஞ்சிரத்துக்குப் பதில் மத்தி. வாசலில் ஓர் அடி மண் இருந்தால் ஒரு முருங்கைக் கொம்பு.